பழைய பேலர் முடிச்சைத் தவறவிட்டால்: அவிழ்ந்த கயிற்றைப் படியுங்கள்

மே 3, காலை – வாசகர் கேள்வி

என்னிடம் இருப்பது வைக்கோலை அழுத்திச் சிறு சதுரக் கட்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு கயிறுகளால் கட்டும் பழைய பேலர். வலப்பக்க முடிச்சுக் கருவியில் குறை இல்லை. இடப்பக்கம் சில கட்டுகளை ஒழுங்காகக் கட்டும், அடுத்த கட்டு அவிழ்ந்து விழும். கொக்கி நாக்கின் ஸ்பிரிங்கை இறுக்கினேன், கயிற்றுத் தட்டின் பிடிப்பையும் இறுக்கினேன். இன்னும் மோசமாகிவிட்டது. கருவி தேய்ந்துவிட்டது, முழுதாக மாற்றுவதுதான் வழி என்கிறார்கள். அப்படித்தானா?

மே 3, இரவு

மாற்ற வேண்டாம். இப்போதைக்குப் புதிதாக எதையும் இறுக்கவும் வேண்டாம். இடப்பக்கக் கருவி பெரும்பாலான கட்டுகளை ஒழுங்காகக் கட்டுகிறது என்றால் அதற்கு இன்னும் முடிச்சு போட முடிகிறது என்றே பொருள். ஏதோ ஓர் உறுப்பு எல்லைக்கோட்டில் நிற்கிறது. கயிறு சற்றுத் தடித்தாலோ வைக்கோல் சற்று ஈரமானாலோ அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. பற்கள் உடைந்த கருவியோ அச்சு நகர்ந்த கருவியோ இப்படி விட்டுவிட்டுத் தவறாது, தொடர்ந்து தவறும்.

அவிழ்ந்த கட்டுகளின் கயிற்றை என்ன செய்தீர்கள்? தூக்கி எறிந்திருந்தால் இனி எறியாதீர்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முனைகளோடு எடுத்து, எந்தக் கட்டு, எந்தப் பக்கம் என்று சீட்டுக் கட்டி வையுங்கள். இந்தப் பழுதில் சாட்சி சொல்வது அந்தக் கயிறு ஒன்றுதான். மற்றதெல்லாம் ஊகம்.

இறுக்கிய இரண்டு நட்டுகளையும் பழைய இடத்துக்குத் தளர்த்திவிடுங்கள். எத்தனை சுற்று இறுக்கினீர்கள் என்று நினைவில்லையானால் வலப்பக்கத்தைப் பாருங்கள். நட்டுக்கு வெளியே எத்தனை மரைகள் தெரிகின்றன என்று எண்ணி, அதே அளவுக்கு இடப்பக்கத்தை வையுங்கள். துல்லியமாக இராது. ஆனால் தொடங்குவதற்கு ஓர் இடம் கிடைக்கும்.

மே 4

கயிறு சேரும்வரை, உள்ளே நடப்பதை ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இது மனத்தில் ஓடாமல் எந்த நட்டைத் திருகினாலும் குருட்டு வேலைதான். நான் சொல்வது டீரிங் வகை முடிச்சுக் கருவியை. தள்ளுகை தனியாக ஆடி வந்து முடிச்சைக் கொக்கியிலிருந்து வழிக்கும் வகை அது. நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் உங்களுடையதும் அதுவே.

கயிற்றின் ஒரு முனை மேலே கயிற்றுத் தட்டின் பள்ளத்தில் கவ்வப்பட்டிருக்கும். மறுபக்கம் கீழே ஊசியின் துளை வழியாகக் கயிற்றுப் பெட்டிக்குப் போகும். பிளஞ்சர், அதாவது அறைக்குள் முன்னும் பின்னும் போய்வரும் தள்ளுபலகை, வைக்கோலைத் தள்ளத் தள்ள, குறுக்கே நிற்கும் அந்தக் கயிறு கட்டின் மூன்று பக்கங்களைச் சுற்றிக்கொள்கிறது. கட்டின் நீளத்தை அளக்கும் அளவுச் சக்கரம் போதிய தூரம் உருண்டதும் கிளட்ச் விடுபட்டு ஊசி எழுகிறது. பிளஞ்சரின் முகத்தில் உள்ள பிளவு வழியே ஏறி, நான்காம் பக்கத்தையும் மூடி, கயிற்றைக் கொக்கியின் மேலும் தட்டின் அடுத்த பள்ளத்திலும் கொண்டுபோய் வைக்கிறது. தட்டு சற்றே சுழன்று அந்த இழையையும் கவ்விக்கொள்கிறது.

இப்போது கொக்கியின் மேல் இரண்டு இழைகள். கொக்கி ஒரு சுற்று சுற்றும்போது இரண்டும் அதன்மேல் வளையமாகச் சுருள்கின்றன. அதே சுற்றில் நாக்கு திறந்து, முனைகளை வாங்கிக் கடித்துக்கொள்கிறது. கொக்கிக்கும் தட்டுக்கும் நடுவே கத்தி வெட்டுகிறது. பிறகு தள்ளுகை, கொக்கிமேல் சுருண்டிருக்கும் வளையத்தை வழித்துத் தள்ளுகிறது. நாக்கு கடித்திருக்கும் முனைகளைத் தாண்டி வளையம் நழுவி இறுகினால் முடிச்சு. இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கொக்கி சுற்றும்போது அதற்குக் கொஞ்சம் கயிறு தேவைப்படுகிறது. அந்தக் கயிற்றில் ஒரு பகுதியைத் தட்டின் பிடிப்பு விட்டுக்கொடுக்க வேண்டும். பிடிப்பு அளவுக்கு மேல் இறுகினால் கயிறு வழுக்காமல் பிடிப்பிலேயே நைந்து அறும். அளவுக்கு மேல் தளர்ந்தால் கயிறு முழுதாக உருவிக்கொண்டு போகும். நாக்கின் கதையும் இதேதான்: தளர்ந்திருந்தால் வளையம் வழியும்போது முனைகளும் கூடவே வழிந்துவிடும், இறுகியிருந்தால் முடிச்சு விழுந்தும் நாக்கு விடாது. அதனால்தான் "இறுக்கிப் பார்த்தேன்" என்று படித்ததுமே அதைத் தளர்த்தச் சொன்னேன். நான் வாங்கிய பழைய இயந்திரங்களில் இந்த இரண்டு ஸ்பிரிங்குகளும் ஏறக்குறைய எப்போதுமே அடியோடு இறுகியே இருந்திருக்கின்றன. கைமாறிய ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு சுற்று இறுக்கியிருக்கிறார்கள்.

மே 4, பிற்பகல்

மிக முக்கியம், நட்டுகளைத் தளர்த்தச் சொல்லும் முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும். முடிச்சுக் கருவிக்குள் கை போகும் முன் டிராக்டர் என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, டிராக்டரின் விசையைப் பேலருக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டைக் கழற்றிவிட வேண்டும். பேலரின் கனத்த சுழல்சக்கரமான ஃப்ளைவீல் உடனே நிற்காது. அது அசைவற்று நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே அருகே போக வேண்டும். கட்டு உருவாகும் அறையில் வைக்கோல் இறுகியிருக்கும்போது பிளஞ்சர் தானாகச் சற்று நகரும், கிளட்ச் விடுபட்டிருந்தால் ஊசியும் நகரும். கத்தி எப்போதும் கூர்மையானது. ஓடும் பேலரின் கயிற்றைக் கையால் எடுத்துவிட முயன்று விரல் இழந்தவர்கள் உண்டு.

சோதனைக்கு ஃப்ளைவீலைக் கையால், அது வழக்கமாகச் சுழலும் திசையில் மட்டும் சுற்றுங்கள். எதிர்த்திசை கூடாது.

மே 6

கயிற்று முனைகளின் படங்களைப் பார்த்தேன். நல்ல வெளிச்சத்தில் எடுத்திருக்கிறீர்கள், நார் நாராகத் தெரிகிறது. அதற்குப் போகும் முன், எந்த முனை எது என்பதைப் பிரித்தறியும் வழி: கட்டின் மேற்பக்கமாக ஓடி வருவது தட்டிலிருந்து வந்த இழை. அடிப்பக்கமாக வந்து, பிளஞ்சர் பக்க முகத்தில் மேலேறி வருவது ஊசி கொண்டுவந்த இழை.

மேல் இழையில் மட்டும் முடிச்சு விழுந்து, ஊசி இழை வெறுமையாக இருந்தால் ஊசி தன் கயிற்றைக் கொக்கிமேல் வைக்கவில்லை. வளைந்த ஊசி, கயிற்றைக் கொக்கி நோக்கித் தள்ளும் விரல் போன்ற உறுப்பின் நிலை, பெட்டியிலிருந்து கயிறு தளர்வாக வருவது, வழியில் அடைத்த கூளம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஊசி, முடிச்சுச் சட்டத்தின் பக்கத்தை லேசாக உரசிக்கொண்டு ஏறுவதுதான் பல மாதிரிகளில் சரியான நிலை. தள்ளி ஏறினால் கயிறு பள்ளத்தைத் தவறவிடும்.

ஊசி இழையில் மட்டும் முடிச்சு, மேல் இழை வெறுமை என்றால் முனை தட்டிலிருந்து முன்கூட்டியே உருவிக்கொண்டது. பிடிப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது தட்டுக்கும் பிடிப்புக்கும் இடையே அழுக்கு ஏறியிருக்கிறது.

இரண்டு முனைகளிலும் முடிச்சு இல்லை, ஆனால் இரண்டிலும் சுருண்ட தடம் இருக்கிறது என்றால் கொக்கி சுற்றியது, நாக்கு கடித்து நிற்கவில்லை.

முனை சிலிர்த்து நைந்திருந்தால் பிடிப்பு இறுக்கம் அல்லது மழுங்கிய கத்தி. முடிச்சு ஒழுங்காக இருந்து, அதை ஒட்டியே கயிறு அறுந்திருந்தால் முடிச்சு கொக்கியை விட்டு இறங்கவில்லை. கட்டு நகர்ந்தபோது இழுபட்டு அறுந்தது. முடிச்சிலிருந்து தொலைவில், கட்டின் நடுவே அறுந்திருந்தால் முடிச்சுக் கருவியை விட்டுவிடுங்கள். கயிற்றின் வழித்தடத்தில் கூர்விளிம்பு இருக்கும், அல்லது கட்டின் அழுத்தம் அந்தக் கயிறு தாங்கும் அளவைத் தாண்டியிருக்கும்.

உங்கள் கயிறுகளில் இரண்டு வகை தெரிகிறது. சீட்டில் "முதல் நாள்" என்று எழுதியவற்றில் அழகான முடிச்சும் அதை ஒட்டி அறுந்த கயிறும். "இறுக்கிய பிறகு" என்றவற்றில் நைந்த முனைகள். இரண்டாவது பழுது பிடிப்பை இறுக்கியதால் வந்தது, பழைய அளவுக்குத் தளர்த்தியதும் போய்விடும். முதலாவதுதான் உண்மையான நோய்: முடிச்சு விழுகிறது, கொக்கி அதை விடமாட்டேன் என்கிறது.

மே 6, இரவு

முடிச்சு கொக்கியில் தங்குவதற்கு மூன்றே காரணங்களை நான் தேடுவேன். நாக்கு ஸ்பிரிங் இறுக்கம். கொக்கியின் மேற்பரப்பில் கயிறு அறுத்த வரிப்பள்ளம் அல்லது துரு. தள்ளுகை கொக்கியை உரசாமல் தள்ளி நின்று போவது.

மூன்றாவதைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். வலது இடது வித்தியாசம் இத்தனை தெளிவாக இருக்கும்போது, எப்போதோ ஒரு கட்டு சிக்கி அந்தக் கை சற்று வளைந்திருக்கலாம். சோதனை எளிது. கொக்கியின் முதுகைத் துடைத்துவிட்டு மார்க்கர் மையைப் பூசுங்கள். ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, கருவியை ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். கொக்கியின் குதிகால் பகுதியில் தொடங்கி நுனிவரை சீராக அழிந்திருக்க வேண்டும். நடுவில் மை அப்படியே இருந்தால் அந்த இடத்தில்தான் கயிறு பின்தங்குகிறது. வலப்பக்கத்திலும் இதே சோதனையைச் செய்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டு கருவிகளும் ஒரே அமைப்பு. ஒழுங்காகக் கட்டும் கருவி ஒன்று பக்கத்திலேயே நிற்கிறது என்பது பெரிய வரம். கையேடு தொலைந்துபோன இயந்திரத்துக்கு அதைவிட நல்ல கையேடு கிடைக்காது.

மே 7

சிறு விலகல். மன்னித்துவிடுங்கள், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கொக்கி வைக்கோல் கட்டுக்காகப் பிறந்ததே அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜான் ஆப்பிள்பி என்பவர் 1870-களின் இறுதியில், அறுத்த கதிரை அரிக்கட்டாகக் கயிற்றால் கட்டும் இயந்திரத்துக்காக இதைச் செய்து முடித்தார். அதற்கு முன் கம்பியால் கட்டும் இயந்திரங்கள் இருந்தன. கம்பித் துண்டுகள் தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்குள் போகும் என்ற அச்சம் உழவர்களை வாட்டியது. கயிற்று முடிச்சு வந்ததும் கம்பி பின்வாங்கியது. வில்லியம் டீரிங்கின் தொழிற்சாலை அதைப் பெருமளவில் செய்து விற்றது, வகையின் பெயர் அங்கிருந்து வந்தது. நகர்ந்துகொண்டே அள்ளித் தானே முடிச்சும் போடும் பேலரை 1930-களின் பிற்பகுதியில் பென்சில்வேனியாவின் எட் நோல்ட் செய்துகாட்டியபோதும் உள்ளே சுற்றியது அதே அடிப்படைக் கொக்கிதான். ஆப்பிள்பி இன்று வந்து உங்கள் இடப்பக்கக் கருவியைப் பார்த்தால் எந்த உறுப்பு எதற்கு என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிராது. இத்தனை ஆண்டு மாறாமல் நிற்கும் ஒன்றைத் "தேய்ந்துவிட்டது, மாற்று" என்று ஒரே வரியில் தள்ளுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

மே 8

மைச் சோதனையின் படம் எதிர்பார்த்ததையே காட்டுகிறது. வலப்பக்கம் முழுதும் அழிந்திருக்கிறது. இடப்பக்கம் குதிகாலில் அழிந்து, நடுவே தொடாமல் தாண்டி, நுனியில் மட்டும் மீண்டும் உரசியிருக்கிறது.

தள்ளுகையை வளைக்க வேண்டும். சூடாக்கக் கூடாது, குளிர்ந்த நிலையிலேயே வளையும். நெம்புகோலை நல்ல தாங்குபுள்ளியில் வைத்துக் கொஞ்சம் அழுத்துங்கள், மை பூசுங்கள், ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், மறுபடி கொஞ்சம். ஒரே மூச்சில் வளைத்தால் கொக்கியில் இடித்துக்கொண்டு நிற்கும். பிறகு எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டும், இரும்பு அந்த விளையாட்டை அதிக நாள் பொறுக்காது. லேசான உரசல் போதும், அழுந்தத் தேய்க்க வேண்டியதில்லை. வழித்து முடித்ததும் கை கொக்கியின் நுனியை முழுதாகத் தாண்டிச் செல்வதையும் பாருங்கள்.

கத்தியும் அதே கையில்தான் பூட்டியிருக்கிறது. கை நகர்ந்தால் கத்தியும் நகரும். எனவே வளைத்து முடித்த பின் கத்தி எங்கும் இடிக்காமல், கயிற்றைச் சுத்தமாக வெட்டுகிறதா என்று பாருங்கள். கழற்றித் தீட்ட இதுவே நல்ல சமயம். மழுங்கிய கத்தி கயிற்றை வெட்டாது, இழுத்துப் பிய்க்கும். அந்த இழுப்பு பிடிப்பிலிருந்து கயிற்றை உருவும். பார்ப்பவர் பிடிப்பைக் குற்றம் சொல்வார்.

கொக்கியின் வரிப்பள்ளத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் மெல்லிய உப்புத்தாளால் கயிறு வழுக்கும் திசையிலேயே தேய்த்துப் பளபளப்பாக்கினால் போதும். நகம் மாட்டி நின்றால் கொக்கியை மட்டும் மாற்றுங்கள். முழுக் கருவியை அல்ல. புதிய கொக்கியில் பெயின்ட் பூசியிருந்தால் பூட்டும் முன் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், பெயின்ட் மேல் முடிச்சு வழுக்காது.

மே 8, சற்று நேரம் கழித்து

ஒரே நாளில் கை, கத்தி, கொக்கி மூன்றையும் தொடச் சொல்லிவிட்டேன் என்று மறுபடி படித்தபோது தோன்றியது. மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதால் சேர்த்துச் செய்வது சரிதான். ஆனால் ஸ்பிரிங் நட்டுகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அவற்றில் ஒரு நேரத்தில் ஒன்று, அதுவும் கால் சுற்று, பிறகு வயலில் கட்டிப் பார்த்து, கயிற்றைப் படித்து, அதன் பிறகே அடுத்த கால் சுற்று. இரண்டு நட்டுகளையும் ஒன்றாகத் திருகினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

மே 10

நடுவே ஒருவர் கேட்டிருக்கிறார்: நிறுத்தி வைத்த பேலரில் கையால் சுற்றும்போது முடிச்சு அலங்கோலமாக விழுகிறதே, அதை வைத்து முடிவு செய்யலாமா?

கூடாது. வெறும் அறையில் கயிற்றுக்கு இழுவிசை இல்லை. தொய்ந்த கயிற்றில் நல்ல கருவிகூட மோசமாகக் கட்டும். அறையில் வைக்கோல் இறுகி நிற்கும்போது, இரண்டு இழைகளும் விறைப்பாக இருக்கும்போது சோதிக்க வேண்டும். உறுப்புகள் ஒன்றையொன்று எங்கே தொடுகின்றன என்று பார்க்க வெறும் அறை போதும்.

மே 11

கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருந்தேன்.

பழைய பேலர்கள் பெரும்பாலும் கற்றாழை நார்க் கயிற்றுக்காக, அதாவது சைசலுக்காக அமைக்கப்பட்டவை. 9000 என்று பொதியில் எழுதியிருந்தால் இரண்டு பந்துகள் கொண்ட அந்தப் பொதியில் 9000 அடி கயிறு இருக்கிறது என்று பொருள். எண் கூடக் கூடக் கயிறு மெலிகிறது. தடித்த நாருக்குச் சரியாக நின்ற பிடிப்பு, மெல்லிய பிளாஸ்டிக் கயிற்றுக்குத் தளர்வாகிவிடும். பிளாஸ்டிக் வழுக்கும் தன்மையும் கொண்டது. கயிற்று வகையை மாற்றினால் இரண்டு ஸ்பிரிங்குகளையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று எதிர்பாருங்கள். ஒரு பக்கம் நார், மறுபக்கம் பிளாஸ்டிக் என்று ஓட்டாதீர்கள்.

பந்தின் உட்புறத்திலிருந்து கயிறு வர வேண்டும். பந்தையும் பந்தையும் இணைக்கும் முடிச்சு சதுர முடிச்சாக, முனைகள் கத்தரித்துச் சிறிதாக இருக்க வேண்டும். பருத்த இணைப்பு ஊசித் துளையில் மாட்டிய கணத்தில் ஒரு கட்டு போகும். இரண்டு கயிறுகளையும் ஒரே வளையத்தின் வழியாகக் கொண்டுபோனால் ஒன்றையொன்று அரிக்கும்.

செலவே இல்லாத சோதனை ஒன்று: இடப்பக்கப் பந்தை வலப்பக்கத்துக்கும் வலப்பக்கப் பந்தை இடப்பக்கத்துக்கும் மாற்றிக் கட்டிப் பாருங்கள். பழுது கயிற்றோடு இடம் மாறினால் குற்றம் கயிற்றில். இடத்திலேயே நின்றால் கருவியில்.

மே 14

கை வளைத்து, கொக்கி தேய்த்து, கத்தி தீட்டிய பிறகு கொக்கியில் முடிச்சு தங்குவது நின்றுவிட்டது என்ற செய்தி படித்து உண்மையிலேயே மகிழ்ச்சி. வயலின் ஓரங்களில் மட்டும் இன்னும் எப்போதாவது இடப்பக்கம் தவறுகிறது என்கிறீர்கள். இது வேறு கதை. அனுப்பிய கயிற்றில் மேல் இழையில் முடிச்சு, ஊசி இழை வெறுமை. ஊசியோ நேராக இருக்கிறது.

அந்தக் கட்டுகளின் உருவத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் குறுகி, வளைந்திருக்கிறதா? ஓரங்களில் வைக்கோல் வரிசை மெலிந்து, அள்ளும் சுருளின் ஒரு பக்கமாகவே வரும். அறையின் ஒரு பாதி கெட்டியாகவும் மறுபாதி பஞ்சு போலவும் நிரம்பும். பஞ்சுப் பக்கத்துக் கயிறு தொய்ந்து கிடக்கும், ஊசி ஏறும்போது அது இருக்க வேண்டிய இடத்தில் இராது. முடிச்சுக் கருவி என்ன செய்யும், பாவம்.

வரிசைகளை இரட்டையாகச் சேர்த்து அகலமாக்கி, சுருளின் முழு அகலத்துக்கும் வைக்கோல் வரும்படி ஓட்டிப் பாருங்கள். அறைக்குள் வைக்கோலைத் தள்ளும் ஊட்டு விரல்களுக்குப் பல மாதிரிகளில் வேறு துளைகள் இருக்கும். அவற்றை நகர்த்தினால் வைக்கோல் தூரப் பக்கத்துக்கு அதிகமாகவோ குறைவாகவோ போகும்.

பிளஞ்சரின் வெட்டுக்கத்தியையும் அதன் எதிர்க்கத்தியையும் பாருங்கள். அவை மழுங்கினாலோ இடைவெளி கூடினாலோ கட்டின் பக்கத்தில் வெட்டுப்படாத கற்றைகள் வாலாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வால் கயிற்றை இழுத்து ஒதுக்கிவிடும்.

மே 15

ஷியர் போல்ட், அதாவது சுமை மிஞ்சினால் தான் உடைந்து மற்ற உறுப்புகளைக் காக்கும் போல்ட், பற்றி கேட்டவருக்கு: அதே வலிமைத் தரத்தில் அதே அளவு போல்ட் மட்டும். "இது அடிக்கடி உடைகிறது" என்று கடினமான போல்ட்டைப் போட்டால் அடுத்த முறை உடைவது ஊசியாகவோ கியராகவோ இருக்கும். அது உடைகிறதென்றால் எதனால் என்று தேடுங்கள். ஊசி அறைக்குள் நிற்கும்போது பிளஞ்சரைத் தடுக்கும் பாதுகாப்புத் தடுப்பு சிக்கிக் கிடக்கிறதா, ஊசிக்கும் பிளஞ்சருக்கும் உள்ள நேர ஒத்திசைவு தவறியிருக்கிறதா, இவை இரண்டும் முதலில்.

மே 19

கட்டுகளின் நீளம் ஒன்றுக்கொன்று மாறுகிறது என்ற புகாரும் வந்திருக்கிறது. முடிச்சு சரியானதும் எல்லாருடைய கண்ணும் அங்கேதான் போகும். அளவுச் சக்கரம் விடுவித்த பிறகு வரும் பிளஞ்சர் அடியில்தான் கட்டு முடிகிறது. ஆகவே பிளஞ்சரின் ஒரு தள்ளலுக்கு எவ்வளவு வைக்கோல் போகிறதோ அவ்வளவு தூரம் நீளம் முன்பின்னாகலாம். ஒரு கட்டுக்கு 12-க்குக் குறையாத பிளஞ்சர் அடிகள் விழும்படி டிராக்டரை மெதுவான கியரில் ஓட்டுங்கள், பி.டி.ஓ. வேகத்தை நிமிடத்துக்கு 540 சுற்றிலேயே வையுங்கள். கட்டின் அடுக்குகளைப் பிரித்து எண்ணினால் அடிகளின் எண்ணிக்கை தெரிந்துவிடும். சக்கரத்தின் பற்கள் மழுங்கி வைக்கோல்மேல் வழுக்கினால் நீளம் கூடிக்கொண்டே போகும், அதையும் பாருங்கள்.

மே 27

அறுவடை முடிந்துவிட்டதாம், இடப்பக்கம் ஓரங்களிலும் கட்டுகிறதாம். அப்படியானால் கொட்டகையில் ஏற்றும் முன் ஒரு வேலை. கருவிகளில் அடைந்த கூளத்தைக் காற்றால் ஊதி, தட்டின் பள்ளங்களில் சிக்கிய கயிற்றுத் துணுக்குகளை எடுத்துவிட்டு, இரண்டு கொக்கிகள்மேலும் கிரீஸ் பூசுங்கள். பருவத்தின் முதல் கட்டுகள் அவிழ்வதற்குப் பெரும்பாலும் கொக்கியில் படிந்த மெல்லிய துருவே காரணம். நாக்கு ஸ்பிரிங், தட்டின் பிடிப்பு இரண்டிலும் இப்போது நட்டுக்கு வெளியே தெரியும் மரைகளை எண்ணி, இயந்திரத்தின் உடம்பிலேயே பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். அடுத்து யார் கையில் ஸ்பேனர் இருந்தாலும் அவருக்கு அந்த எண் தெரிய வேண்டும்.